செக்ரோலில் பேர் விழுமா? ஒன்லைன் முதுமாணிப் படிப்பைத் தெரிவுசெய்யும் முன்

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கும் என் சித்தப்பா மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் எடுத்தாள்.

"அண்ணே, ஒன்லைன்ல எம்எஸ்சி ஒன்னு செய்யலாம்னு பாக்குறேன். எந்தக் கோர்ஸ் நல்லது?"

அதற்குள் பதினொரு இணையப் பக்கங்களைத் திறந்து வைத்திருந்தாள். ஒன்றில் நாலு வாரம், இன்னொன்றில் இரண்டு வருடம். ஒன்று இலவசம், இன்னொன்று 22,000 டொலர். எல்லாவற்றின் தலையிலும் கோர்ஸ், கோர்ஸ் என்றே போட்டிருந்தது. குழப்பம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

அதே குழப்பத்தில் நானும் இரண்டு வருடம் கிடந்தேன். இலவசமாகக் கிடைத்த பாடங்களையெல்லாம் இரவிரவாகப் பார்த்து, பதினாலு சான்றிதழ் எடுத்து, ஹட்டனில் ஒரு கடையில் கொடுத்து லேமினேட் பண்ணி, பைலில் அடுக்கி ஒரு நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா பைலைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "இதுல கிரெடிட் எத்தன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதினாலிலும் ஒன்றில்கூட அந்தச் சொல் இல்லை. படித்தது வீணில்லை, இன்றைக்கும் உதவுகிறது. ஆனால் அந்த மேசையில் அது செல்லாது.

கிரெடிட் என்றால் என்ன என்பதை நம் ஆட்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். அது செக்ரோலில் விழும் பேர்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்தாலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், சொன்ன கிலோ இருந்தால்தான் அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். சம்பளக் கணக்கு எழுதும் செக்ரோல் கொப்பியில் எழுதப்படாத வேலைக்கு மாதக் கடைசியில் கணக்கே இல்லை. படிப்பிலும் இதே கதைதான். நீங்கள் எத்தனை மணித்தியாலம் படித்தீர்கள், அதை யார் நிறுத்துப் பார்த்தார்கள், யாருடைய கொப்பியில் எழுதினார்கள் என்பதன் சுருக்கம்தான் கிரெடிட்.

இலங்கையில் இந்தக் கொப்பிக்கு இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்று பெயர். அதில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. விரிவுரை கேட்பது, வாசிப்பது, ஒப்படை எழுதுவது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் அந்த 50க்குள் அடக்கம். சட்டகத்தில் 12 மட்டங்கள் உண்டு. மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், நாலு வருடச் சிறப்புப் பட்டம் 6. அதற்கு மேலே வருவதெல்லாம் பட்டப்பின் படிப்பு. 7ஆம் மட்டம் பட்டப்பின் சான்றிதழ், குறைந்தது 20 கிரெடிட். 8 பட்டப்பின் டிப்ளோமா, 25 கிரெடிட். 9ஆம் மட்டத்தில் பாடநெறியால் மட்டும் எடுக்கும் முதுமாணி, 30 கிரெடிட். 10ஆம் மட்டத்தில் ஆய்வும் சேர்ந்த முதுமாணி, 60 கிரெடிட். அதில் 15ஆவது ஆய்வுக்குரியதாக இருக்க வேண்டும். 11 எம்பில், 12 கலாநிதிப் பட்டம்.

இதில் பலர் கவனிக்காத இடம் 9க்கும் 10க்கும் இடையில் இருக்கிறது. இரண்டையும் எம்எஸ்சி என்றுதான் சொல்கிறோம், ஆனால் வேலை குறைந்தது இரண்டு மடங்கு. பிறகு கலாநிதிப் படிப்புக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஆய்வு உள்ளதை எடுப்பதே நல்லது. இல்லையென்றால் 9 போதும், மூச்சு வாங்கத் தேவையில்லை.

வெளிநாட்டுக் கிரெடிட்டைப் பார்க்கும்போது எண்களில் ஏமாந்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் ஒரு முதுமாணிக்கு 180 கிரெடிட். நம்முடையது 30. ஆறு மடங்கு என்று தங்கச்சி பயந்துவிட்டாள். ராத்தலையும் கிலோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரும் பயம் அது. அங்கே ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம், ஆக 1,800. இங்கே 30ஐ 50ஆல் பெருக்கினால் 1,500. ஐரோப்பியக் கிரெடிட் ஒன்று 25 முதல் 30 மணித்தியாலம். அமெரிக்காவில் வாரம் ஒரு மணி வகுப்பு, அதற்கு வெளியே இரண்டு மணி சொந்தப் படிப்பு என்று 15 வாரம் கணக்கிடுவார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு கிரெடிட் 45 மணித்தியாலம் அளவில் வரும். எந்த நாட்டுப் படிப்பானாலும் முதலில் மணித்தியாலமாக மாற்றிக்கொள்ளுங்கள். பிறகுதான் ஒப்பிடலாம்.

மாற்றியதும் அடுத்த கணக்கு தானாக வரும். வாரத்தில் உங்களுக்கு எத்தனை மணித்தியாலம் மிஞ்சும்? தங்கச்சி நம்பிக்கையோடு பன்னிரண்டு என்றாள். வார நாளில் இரவு ஒன்பதிலிருந்து பத்தரை, ஞாயிறு நாலரை மணி. சரி, 1,500ஐ 12ஆல் வகுத்தால் 125 வாரம், ஏறக்குறைய இரண்டரை வருடம். இங்கிலாந்துப் படிப்பு 150 வாரம். ஆய்வுள்ள 60 கிரெடிட் என்றால் 250 வாரத்துக்குக் குறையாது, ஐந்து வருடத்தைத் தொடும். "பன்னிரண்டே மாதத்தில் எம்எஸ்சி" என்று விளம்பரத்தில் கண்டால், அது வேலைக்குப் போகாதவனுக்குச் சொன்னது, அல்லது யாரும் நிறுத்துப் பார்க்காத கொழுந்து.

இனி அந்தப் பதினொரு பக்கங்களுக்கு வருவோம். அவற்றை மூன்று கூடையில் போட்டுவிடலாம்.

முதல் கூடை, சும்மா படிக்கும் பாடங்கள். கோர்செரா, எட்எக்ஸ், இந்தியாவின் என்பிடெல் போன்ற இணையத் தளங்களில் கொட்டிக் கிடக்கின்றன. என்பிடெல் 2003இல் ஐஐடிகளும் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகமும் சேர்ந்து தொடங்கியது. விரிவுரைகளைக் காசில்லாமல் பார்க்கலாம், சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆங்கிலத்தில் கேட்டுப் பழக்கமில்லாதவர் இங்கிருந்து தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறிவு கிடைக்கும், பேர் விழாது.

இரண்டாவது, இடைநடுவில் நிற்கும் தொகுப்புகள். எட்எக்ஸில் எம்ஐடி போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தொடங்கிய மைக்ரோமாஸ்டர்ஸ் இந்த வகை. பெயரில் மாஸ்டர்ஸ் இருந்தாலும் அது முதுமாணிப் பட்டம் அல்ல. ஆனால் பிறகு சில பல்கலைக்கழகங்களில் முதுமாணிக்கு இடம் கிடைத்தால், இதைக் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்வார்கள். அதாவது, இன்னொரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஏற்றுக்கொண்டால் மட்டும் செல்லும் துண்டு.

மூன்றாவது, முழுப் பட்டம். அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014இல் கணினி விஞ்ஞானத்தில் முழுவதும் ஒன்லைனில் ஒரு முதுமாணியைத் தொடங்கியது. பத்துப் பாடம், 30 கிரெடிட், முழுப் படிப்புக்கும் 7,000 டொலர் அளவு. அதே பட்டத்துக்கு அமெரிக்காவில் பல மடங்கு கொடுத்துக்கொண்டிருந்த காலம் என்பதால் அது பெரிய பேச்சானது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம் தரவு விஞ்ஞான முதுமாணியைக் கோர்செரா வழியாக நடத்துகிறது. அங்கே பழைய பட்டச் சான்றிதழைக் கேட்பதில்லை. குறித்த சில பாடங்களை முதலில் கிரெடிட்டுக்குப் படித்துச் சொன்ன புள்ளி எடுத்தால் அதுவே அனுமதி.

இது மலையகத்துக்கு ஏன் முக்கியம் என்றால், நம்மில் நிறையப் பேர் பொதுப் பட்டதாரிகள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாத பாடசாலையிலிருந்து டியூசனுக்கு பஸ் ஏறி ஏறிப் பல்கலைக்கழகம் போய், மூன்று வருடத்தில் முடித்து, வீட்டு நிலைமைக்காக உடனே வேலைக்கு வந்தவர்கள். வெளிநாட்டில் பல இடங்கள் நாலு வருடப் பட்டத்தையே கேட்கும். விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டிய பிறகு இது தெரியவருவது ஒரு தனி வேதனை. அனுமதித் தகைமை என்ற பக்கத்தைக் கட்டணப் பக்கத்துக்கு முன் வாசித்துவிடுங்கள். ஆங்கிலத் தேர்வு எது, எத்தனை புள்ளி என்பதும் அங்கேதான் இருக்கும்.

அடுத்து, யாருடைய செக்ரோல் என்ற கேள்வி. அரசாங்க வேலையில் இருப்பவருக்கு இதுதான் எல்லாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கம், பொதுநலவாயப் பல்கலைக்கழகங்கள் சங்கம் ஆகியவற்றின் பட்டியல்கள்தான் ஆணைக்குழு பார்க்கும் இடங்கள். சர்வதேசச் சங்கத்தின் தரவுத்தளத்தை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அதில் இல்லாத பல்கலைக்கழகம் என்றால் அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடுங்கள்.

"அங்கீகாரம் பெற்றது" என்று இணையத்தளத்தின் அடியில் நாலைந்து முத்திரை இருப்பதை நம்பக் கூடாது. அமெரிக்காவில் அரசாங்கம் நேரடியாக அங்கீகாரம் கொடுப்பதில்லை. அதற்கென்று தனி அமைப்புகள் இருக்கின்றன. அந்த அமைப்புகளை அங்குள்ள கல்வித் திணைக்களமோ உயர்கல்வி அங்கீகாரப் பேரவையோ ஏற்றிருக்க வேண்டும். இந்த ஓட்டை வழியாகத்தான் கள்ளப் பட்டக் கடைகள் நுழைகின்றன. பல்கலைக்கழகத்தையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள், அதை அங்கீகரிக்கும் அமைப்பையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். 2015இல் கராச்சியில் ஒரு கம்பெனி நூற்றுக்கணக்கான பொய்ப் பல்கலைக்கழகத் தளங்களை இப்படி நடத்தியது உலகச் செய்தியானது. ஒரு அடையாளம் சொல்கிறேன். உண்மையான பல்கலைக்கழகம் உங்களைத் துரத்தாது. விசாரித்த அன்றே மூன்று தடவை வாட்ஸ்அப்பில் வந்து "இன்றிரவு பன்னிரண்டுக்குள் கட்டினால் பாதிக் கழிவு" என்று சொல்வது தீபாவளிச் சேலைக் கடை.

இன்னொன்று, ஆணைக்குழு ஏற்றாலும் உங்கள் திணைக்களம் உங்கள் பதவிக்கு அதை எடுத்துக்கொள்ளுமா என்பது வேறு கேள்வி. பணம் கட்டும் முன்பே கடிதம் எழுதிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் கணக்கில்லை. ஆசிரியர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் எம்எஸ்சியும் வேறு வேறு. ஒன்று படிப்பிக்கும் தொழிலுக்கு, மற்றது பாடத்துக்கு. டிப்ளோமாவைத் திறந்த பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழியிலேயே செய்யலாம், அதன் பிராந்திய நிலையம் ஒன்று கண்டிப் பக்கம் பொல்கொல்லையில் இருக்கிறது. எது முதலில் தேவை என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

இனி விஞ்ஞானத்துக்கே உரிய சிக்கல். தங்கச்சிக்கு ஆசை பகுப்பாய்வு இரசாயனத்தில். நான் கேட்டேன்: "லேப் எங்க செய்வ?" அவள் பேசவில்லை. நியமிப்பு (டைட்ரேஷன்) செய்யக் கை பழக வேண்டும். நிறமாலைமானியின் முன்னால் உட்கார வேண்டும், மாதிரியைக் கெடுத்துவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். திரையில் சுட்டியால் பியூரெட்டைத் திறந்து மூடுவது விளையாட்டு. ஒரு ஒன்லைன் இரசாயன முதுமாணி, ஆய்வுகூட வேலையை எங்கே, எத்தனை நாள், யார் செலவில் என்று சொல்லவில்லையென்றால் அதைத் தொடாதீர்கள். கோடையில் இரண்டு வாரம் வளாகத்துக்கு வர வேண்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால், விமானச் சீட்டும் விசாவும் கட்டணத்தோடு சேர்ந்தவை.

ஆனால் விஞ்ஞானத்தில் கணினியையே ஆய்வுகூடமாகக் கொண்ட பகுதிகள் இன்று நிறைய. புள்ளிவிபரவியல், தரவு விஞ்ஞானம், பிரயோக கணிதம், தொற்றுநோயியல், உயிர்த் தகவலியல், புவியியல் தகவல் முறைமை. இவற்றை லயத்து அறையில் இருந்தே முறையாகப் படிக்கலாம், எதுவும் குறையாது. தேயிலைச் செடியின் ஜீனோம், அதாவது அதன் முழு மரபணுத் தொகுதி, 2017இல் வெளியானது, 300 கோடி எழுத்துகள் அளவில் நீளம். அது பொதுத் தரவுத்தளத்தில் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் செடியின் முழு எழுத்தையும் ஜன்னலுக்கு உள்ளே இருந்து இறக்கிப் பார்க்கலாம். டேட்டா பெக்கேஜ் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

புவியியல் தகவல் முறைமையை நான் கொஞ்சம் கூடுதலாகவே சிபாரிசு செய்வேன், அதற்குச் சொந்தக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, எங்கள் வீட்டில் எல்லோரும் முற்றத்தில் நின்று எங்கள் மலையை அண்ணாந்து பார்த்தோம். எது சாயும், எது சாயாது என்று சொல்லத் தெரிந்த ஒருவரும் எங்களிடையே இல்லை. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொடுக்கிறது. சரிவு, மழை, மண், வடிகால் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் அடுக்கிப் பார்க்கும் அந்த வேலைக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் போகலாம். அதற்கான கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருள் இலவசம். சென்டினல்-2 செய்மதியின் 10 மீற்றர் படங்களும் இலவசம், லேண்ட்சாட்டின் 30 மீற்றர் படங்கள் 2008 முதல் இலவசம். சொந்தத் தோட்ட டிவிசனை வைத்தே ஒப்படை செய்யலாம்.

கையால் செய்யும் விஞ்ஞானம்தான் வேண்டும் என்பவருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டப்பின் விவசாய நிறுவனம் 1975இலும், பட்டப்பின் விஞ்ஞான நிறுவனம் 1996இலும் தொடங்கின. ஹட்டனிலிருந்து ரயில் ஏறினால் பேராதனையில் இறங்கலாம். வேலை செய்பவர்களுக்காக வாரக்கடைசியில் நடக்கும் முதுமாணிகள் அங்கே உண்டு. ஒன்லைன் என்றவுடன் அமெரிக்காவைப் பார்க்கும் கண், இரண்டு மூன்று மணித்தியால தூரத்தில் இருப்பதைக் காண்பதில்லை.

காசு. டொலரில் கட்டும் படிப்பு என்றால் இன்றைய விலையில் கணக்குப் போட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் சொச்சம். அன்றைக்கு 7,000 டொலர் படிப்பு பதினாலு லட்சம். மே மாதம் டொலர் 360க்குப் போனதும் அதே படிப்பு இருபத்தைந்து லட்சத்தைத் தாண்டியது. இடையில் ஒரு பாடம்கூடக் கூடவில்லை. அதனால் பாடத்துக்குப் பாடம் கட்டும் முறை உள்ளதையே நான் விரும்புவேன். நின்றால் நின்ற இடத்தோடு நட்டம் நிற்கும். இடையில் ஒரு தவணை விட்டுப் பிடிக்கலாமா, மொத்தம் எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பொதுநலவாயத் தூரக்கல்விப் புலமைப்பரிசில் என்று ஒன்று இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கு உண்டு. அந்த வருடப் பட்டியலில் இலங்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

நேரலை வகுப்பா, பதிவுசெய்த வகுப்பா என்பது சின்ன விஷயமாகத் தெரியும். லண்டனில் மாலை ஆறு மணி வகுப்பு குளிர்காலத்தில் நமக்கு இரவு பதினொன்றரை. அதே காலத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு ஏழு என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை ஐந்தரை, தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரம். பதிவு இருந்தால் நம் நேரத்துக்குப் பார்க்கலாம், கீழே இறக்கி வைத்துக்கொள்ளவும் முடிந்தால் இன்னும் நல்லது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் போவதற்குப் பொருளாதார நெருக்கடி வர வேண்டியதுமில்லை.

பரீட்சை இன்னும் மோசம். பல இடங்களில் கமரா வைத்துக் கண்காணிப்பார்கள். மடிகணினியைத் தூக்கி அறையின் நாலு மூலையையும் காட்டச் சொல்வார்கள், அறைக்குள் வேறு ஆள் வரக் கூடாது. எனக்குப் புள்ளிவிபரவியல் டிப்ளோமாவின் கடைசிப் பரீட்சை. இருபதாவது நிமிடத்தில், பிள்ளை இவ்வளவு நேரமாகக் குனிந்த தலை நிமிராமல் இருக்கிறதே என்று அம்மா பிளேன்டீயோடு வந்துவிட்டது. மேசையில் வைத்துவிட்டுத் திரையை எட்டியும் பார்த்தது. "அறைக்குள் இரண்டாவது நபர்" என்று அடையாளமிட்டு, முடிவை மூன்று வாரம் நிறுத்தி வைத்தார்கள். வீட்டில் தனி அறை இல்லாத நிலைமையை விளக்கி, அம்மாவின் படத்தோடு கடிதம் எழுதினேன். பிறகுதான் விட்டார்கள். பரீட்சைக்கு ஒரு நிலையத்தில் போய் எழுதும் வசதி உண்டா, ஒப்படைகளால் புள்ளியிடும் பாடங்கள் எத்தனை என்று முன்பே விசாரித்திருந்தால் அந்த மூன்று வாரத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

தங்கச்சி பதினொரு பக்கங்களில் ஒன்பதை மூடிவிட்டாள். இரண்டு மிஞ்சியிருக்கின்றன: பேராதனையில் ஒன்று, ஒன்லைனில் ஒரு தரவு விஞ்ஞானப் படிப்பு. வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது, பதில் வரவில்லை. அதுவரை சும்மா இருக்காமல், இலவசப் புள்ளிவிபரவியல் பாடம் ஒன்றை ஆறு வாரம் செய்து பார்க்கச் சொன்னேன். பாடத்துக்காக அல்ல. ஒரு சிஆர் கொப்பியில் ஒவ்வொரு இரவும் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் எழுத வேண்டும், அதற்காக.

முதல் வாரம் முடிந்து கொப்பியின் படம் அனுப்பியிருந்தாள். "அண்ணே, ஏழரைதான் வந்திருக்கு. ரெண்டு நாள் கரண்ட் இல்ல, ஒரு நாள் மாமி வீட்டுக் கரும காரியம்."

1,500ஐ ஏழரையால் வகுத்தேன். 200 வாரம், நாலு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதை அப்படியே அனுப்பினேன், பன்னிரண்டு என்று எழுதியிருந்த முதல் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லி.